முட்டி ஜவ்வு ஆபரேஷனா? முட்டிக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்களுக்குப் பனி என்றால் குளிர்காலத்தில் டிராக்கன்ஸ்பர்க் மலை உச்சியில் தூரத்தில் தெரியும் வெள்ளைக் கோடுதான். பிள்ளைகள் கேட்டார்களே என்று ஒரு ஜூலை விடுமுறையில் பக்கத்து மலைநாடான லெசோத்தோவுக்குப் பனிச்சறுக்கு விளையாடக் கிளம்பினோம். ஹாரிஸ்மித், கலேடன்ஸ்பூர்ட் எல்லைச் சாவடி, புத்தா புத்தே, அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் மோட்டெங் கணவாய். பனிச்சறுக்கில் மூன்றாம் நாள் காலை என் இடது முட்டியின் ஜவ்வு கிழிந்தது. அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் நான் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விழுந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம் கூடியதும் பயந்து பின்னால் சாய்ந்தேன். இடுப்பு முட்டிக்கும் கீழே இறங்கிவிட்டது. சரிவின் கீழ்ப்பக்கம் இருந்த பலகையின் பின்முனை பனியைக் கவ்விக்கொண்டு காலை உள்பக்கமாகத் திருகியது. முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். பனிச்சறுக்கில் ஏ.சி.எல்., அதாவது முட்டிக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, கிழிவதற்கு மிகவும் பழகிப்போன வழி இது. காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு விழும்போது தானாகக் கழன்றுகொள்ளும் என்று நம்பியிருந்தேன். அது முக்கியமாகக் கால் எலும்பு முறியாமல் காப்பதற்கு. முட்டி திருகுவதை அது கவனிக்காது. ஆகவே கைகளை எப்போதும் முன்னால் வையுங்கள். பின்னால் சாய்ந்துவிட்டால் எழ முயலாதீர்கள். சறுக்கல் முழுதாக நிற்கும்வரை முட்டியை மடக்கியபடியே இருங்கள்.

சத்தம் கேட்டதா? இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டதா? உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு முறைகூடச் சறுக்காதீர்கள். எனக்கு மாலைக்குள் முட்டிச்சில்லு இருக்கும் இடமே தெரியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. மருத்துவர் முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பார். அது நழுவி வந்தால் சந்தேகம் பலப்படும். அப்புறம் எம்.ஆர்.ஐ.

எல்லாக் கிழிசலுக்கும் கத்தி வேண்டாம். முட்டியின் உள்பக்கம் இருக்கும் எம்.சி.எல். ஜவ்வு பெரும்பாலும் பட்டை போட்டாலே ஆறிவிடும். ஏ.சி.எல். கிழிந்தும் பயிற்சியை மட்டும் வைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சாட்ஸ்வொர்த் வீடு மேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து வாசலுக்கு இருபத்திரண்டு படி. அதில் இறங்கும்போது இரண்டு முறை முட்டி என்னை விட்டு நழுவியது. அப்புறம்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

நாளைக்கே செய்துவிடுங்கள் என்று நான் கேட்டதற்கு மருத்துவர் மறுத்துவிட்டார். வீக்கம் வற்ற வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும், நொண்டாமல் நடக்க வேண்டும், அப்புறம் வா என்றார். ஐந்து வாரம் ஆனது. விறைத்த முட்டியோடு உள்ளே போனால் அதைவிட விறைத்த முட்டியோடுதான் வெளியே வருவோம். அந்த ஐந்து வாரத்தில் மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்பீட்டுக்கு) போன் செய்து முன் அனுமதி வாங்கிவிடுங்கள். பிசியோவுக்கு, அதாவது உடற்பயிற்சி சிகிச்சைக்கு, எத்தனை தடவை பணம் தருவார்கள் என்றும் கேளுங்கள். எனக்குக் கிடைத்ததை முதல் இரண்டு மாதத்திலேயே செலவழித்துவிட்டேன். பிசியோ அதிகமாகத் தேவைப்பட்டது நான்காம் மாதத்துக்குப் பிறகு.

கிழிந்த ஏ.சி.எல். ஜவ்வைப் பெரும்பாலும் தைப்பதில்லை. நம் உடம்பிலேயே வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுப் பொருத்துகிறார்கள். எனக்குப் பின்தொடையிலிருந்து எடுத்தார்கள். முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தும் தொடையின் முன்பக்கத்திலிருந்தும் எடுப்பதுண்டு.

இனி தலையணை விஷயம். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அத்தை பஞ்சுத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து என் முட்டிக்கு அடியில் மெதுவாகச் செருகினார். அவ்வளவு சுகம். வலி பாதியாகக் குறைந்தது போல இருந்தது. ஆனால் முட்டி லேசாக மடங்கிய அந்த நிலையிலேயே உள்ளே தழும்பு இறுகிவிடும். அப்புறம் கால் முழுதாக நீளாது. நீளாத காலோடு நடந்தால் நொண்டல் நிற்காது, தொடைத் தசையும் திரும்ப வராது. மடக்குவது கொஞ்சம் தாமதமானாலும் பிடித்துவிடலாம். நீட்டுவதைத் தவறவிட்டால் மீட்பது பெரும்பாடு. நாலாம் நாள் பிசியோ வந்து பார்த்ததும் முதல் வேலையாக அந்தத் தலையணையை எடுத்தார்.

சரி, அதற்குப் பதில் என்ன? ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. காலின் சொந்தக் கனமே முட்டியைக் கீழே அழுத்தட்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. "ஏன்மா கால அந்தரத்துல போட்டிருக்க?" என்று அத்தைக்கு மனசு ஆறவில்லை. பிசியோ அவரையே கூப்பிட்டு, முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் விரல் விடச் சொன்னார். மூன்று விரல் நுழைந்தது. அன்றிலிருந்து தினமும் அத்தைதான் அளந்தார். பன்னிரண்டாம் நாள் ஒரு விரல்கூட நுழையவில்லை. அத்தை அதைக் கோயிலில் எல்லோரிடமும் சொன்னார்.

கூடவே தொடைத் தசையை எழுப்ப வேண்டும். ஆபரேஷன் முடிந்த முட்டி வீங்கியிருக்கும்போது தொடைக்குப் போகும் கட்டளை தடைபட்டுவிடும். நான் என் தொடையைப் பார்த்து 'இறுகு' என்று நினைக்கிறேன், அது மாவு மாதிரி அப்படியே கிடக்கிறது. அழுதே விட்டேன். பிசியோ முட்டிக்கு மேலே உள்பக்கத்தில் ஒரு விரலை வைத்து, "இந்த விரலைத் தள்ளு" என்றார். இருபதாவது முயற்சியோ என்னவோ, விரலுக்கு அடியில் மீன் துள்ளியது போல ஒரு துடிப்பு. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை இறுக்குங்கள். காலை நீட்டியபடி தூக்கும்போது முட்டி தொங்காமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். தொங்கினால் கைத்தடியை விட இன்னும் நாள் ஆகவில்லை.

ஐஸ் ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், துணி சுற்றித்தான். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு இருந்த நாட்களில் உறைந்த பட்டாணிப் பைகளைக் கூலர் பெட்டிக்குள் அடுக்கி வைத்துச் சமாளித்தோம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், கைத்தடியோடு சேர்ந்து. இரண்டாம் வாரத்துக்குள் 90 டிகிரி மடங்கினால் நல்லது. மெனிஸ்கஸிலும் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) தையல் போட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும், உங்கள் மருத்துவர் சொல்வதுதான் சரி. முட்டிக்குக் கீழே ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் நீர் வடிந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு.

அடுத்த ஆபத்து நன்றாக இருக்கும் காலத்தில் வருகிறது. ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை வலி போயிருக்கும், நடை வந்திருக்கும். ஆனால் உள்ளே பொருத்திய நார் அப்போதுதான் தன் பழைய பலத்தை இழந்து, புது ரத்த ஓட்டம் வந்து மெல்ல ஜவ்வாக மாறிக்கொண்டிருக்கும். எனக்கு எட்டாவது வாரம் தீபாவளியோடு வந்தது. தட்டு தட்டாகப் பலகாரத்தை அக்கம்பக்கத்துக்கு நானே கொண்டுபோனேன். முறுக்கு அச்சு எடுக்க ஸ்டூலில் ஏறியவள் பழைய ஞாபகத்தில் குதித்து இறங்கிவிட்டேன். கிழியவில்லை, தெய்வாதீனம். நாலு நாள் வீங்கியது. மனசு சொல்வதை நம்பாமல் வீக்கத்தை நம்புங்கள். இன்றைக்குச் செய்தது நாளைக் காலையில் வீக்கமாகத் தெரிந்தால் அது அதிகம்.

நிற்கும் சைக்கிள், சுவரில் சாய்ந்து அரை உட்காரல், ஒற்றைக் காலில் நிற்பது என்று படிப்படியாகப் போங்கள். நாலாம் மாதம் கடற்கரை நடைபாதையில் மெதுவோட்டம் தொடங்கினேன். மணலில் ஓடவில்லை, அங்கே கால் புரளும்.

விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும், அதுவும் பரீட்சை பாஸானால்தான். தொடை பலத்திலும் ஒற்றைக்கால் தாண்டலிலும் ஆபரேஷன் காலுக்கு மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். பத்தாம் மாதம் எனக்கு 82 வந்தது. அந்த ஜூலையில் பிள்ளைகளும் என் கணவரும் பனிச்சறுக்குக்குப் போனார்கள், நான் வீட்டில் இருந்து படி ஏறி இறங்கினேன். அடுத்த ஜூலைக்கு முன் 94. கிளம்பும்போது பெட்டியில் கடவுச்சீட்டோடு, லெசோத்தோவிலும் மருத்துவச் செலவு கிடைக்கும் என்று மெடிக்கல் எய்டு கொடுத்த கடிதத்தையும் வைத்தேன்.