பெங்களூரில் எழுதிப் பிழைக்க: எழுத்துக் கணக்கும் பணக் கணக்கும் தனித்தனி

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா என்று பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எழுத்தில் வரும் ஏற்ற இறக்கம் வேறு, பணத்தில் வரும் ஏற்ற இறக்கம் வேறு. ஒரு மாதம் கணக்கில் பணம் விழவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் இன்வாய்ஸ் யாரோ ஓர் அக்கவுண்டன்ட்டின் மெயில் பெட்டியில் கிடக்கிறது என்று அர்த்தம், உங்களுக்கு எழுத வரவில்லை என்று அர்த்தமில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, நன்றாக எழுதக்கூடியவர்கள் மனசு விட்டுப்போய்த் திரும்ப வேலைக்குப் போனதைப் பார்த்து எனக்கு வருத்தம்தான் மிச்சம். அதனால் இதில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றித்தான் இருக்கும்.

சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே முடிக்க வேண்டிய காரியங்கள் சில உண்டு. முதலாவது வீடு. இந்த ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை, கூடவே எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்ற கேள்வியும் வரும், ஆகவே வீடு மாற வேண்டியிருந்தால் ராஜினாமாவுக்கு முன்பே மாறிவிடுங்கள். கிரெடிட் கார்டு வேண்டுமென்றால் அதுவும் அப்படித்தான். அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால் சொந்தப் பாலிசியை எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அப்புறம் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதைத் தொடாமல் இருங்கள்.

வேலை எங்கிருந்து வரும்? கோரமங்களாவிலும் எச்எஸ்ஆர் லேஅவுட்டிலும் இருக்கும் ஆப் கம்பெனிகளுக்குக் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும், பெரும்பாலும் ஏஜென்சி வழியாகத்தான் கொடுப்பார்கள். சப்டைட்டில், விளம்பர வாசகம், டப்பிங் வசனம், யாரோ ஒரு தொழிலதிபருடைய வாழ்க்கை வரலாறு என்று மற்றவை அறிமுகத்தின் பேரில் வரும். தமிழ்ப் பதிப்பகங்களின் மொழிபெயர்ப்பும், அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்பும் இன்னொரு உலகம், அதற்கென்று ஒரு பருவம் உண்டு. சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால் ஆவணியில் மெதுவாகத் தொடங்கும் வேலை ஐப்பசி, கார்த்திகையில் கழுத்தை நெரிக்கும். தை பிறந்ததும் போன் அடிப்பது நின்றுவிடும். தீபாவளி மலர்களும் பல மாதம் முன்பே கேட்டு வாங்கிவிடுவார்கள். கம்பெனிகள் மார்ச்சில் பட்ஜெட்டைச் செலவழித்துத் தீர்ப்பார்கள், ஏப்ரல் மே மாதங்களில் ஆளே கிடைக்க மாட்டார்கள். இந்த நாட்காட்டியைச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும், மாசி மாதத்தில் வேலை இல்லை என்பதற்காக நம் கதை முடிந்தது என்று உட்கார்ந்துவிட மாட்டோம்.

விலை பேசும்போது மொழிபெயர்ப்பாக இருந்தால் ஆங்கில மூலத்தின் சொல் எண்ணிக்கைக்குத்தான் பேச வேண்டும். தமிழில் வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் மொழிபெயர்த்த பிறகு எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துவிடும், தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டால் நீங்கள் செய்த வேலையில் ஒரு பகுதி இலவசமாகப் போய்விடும். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், இரண்டு முறை நியாயம். மாதிரிக்கு என்று ஒரு பக்கம் கேட்டால் செய்து கொடுக்கலாம், முழு அத்தியாயம் கேட்டால் காசு கேளுங்கள். இப்போது அதிகம் வருவது மெஷின் மொழிபெயர்த்ததைச் சரிசெய்யும் வேலை. பாதி ரேட்டுக்கு வரும், ஆனால் மோசமான மெஷின் வரைவைச் சரிசெய்யப் புதிதாக எழுதும் நேரமே ஆகிவிடும். அதனால் அதற்கு மட்டும் சொல் கணக்கு வேண்டாம், மணிக்கணக்கில் கேளுங்கள், ஒத்துவரவில்லையா, விட்டுவிடுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது பதிப்புரிமையில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் ஊழியராக இல்லாமல் சுயமாக எழுதிக் கொடுத்தால் எழுத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான், அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை, எழுதிய உடனே உரிமை வந்துவிடும், உங்கள் காலத்துக்குப் பிறகு இன்னும் 60 ஆண்டுகள் நிற்கும். மொழிபெயர்ப்பாளருக்கும் தன் மொழிபெயர்ப்பின் மேல் உரிமை உண்டு, மூல நூலின் பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், போனில் சரி சார் என்று சொன்னது மாற்றிக் கொடுத்ததாகாது. எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தால் 5 ஆண்டுகள் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். உங்கள் கையெழுத்துப் பிரதி யாருடைய அலமாரியிலாவது தூங்கிக்கொண்டிருந்தால் இந்த ஒரு விதியே அதை மீட்டுக்கொடுக்கும். உரிமையை விற்ற பிறகும் இதை எழுதியது நான்தான் என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கிறது, பெயரை எடுத்துவிட்டுப் போட்டால் கேட்கலாம். 'அனைத்து உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக' என்ற வரி வந்தால் கையெழுத்துப் போடும் முன் ஆடியோ, ஓடிடி, மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனியாகப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், நல்ல பதிப்பாளர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

இனி வசூல். பெரிய வேலை என்றால் மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ் வாங்காமல் தொடங்காதீர்கள். இன்வாய்ஸை முடித்த அன்றே அனுப்புங்கள், மாசக் கடைசிக்கென்று சேர்த்துவைக்காதீர்கள். அதற்கும் முன்னால் உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துகொள்ளுங்கள், ஆதாரும் பான் கார்டும் போதும், அரசுத் தளத்தில் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளங்கள் தனியாரோடது. எழுதிக் கொடுப்பதும் சேவைதான், பதிவு செய்துவிட்டால் நீங்களும் ஒரு குறுந்தொழில். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2006இல் வந்த எம்எஸ்எம்இடி சட்டப்படி உங்களிடம் வேலை வாங்கியவர், எழுத்தில் என்ன தவணை பேசியிருந்தாலும், 45 நாளைத் தாண்டக் கூடாது, தவணையே பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதம் என்ற வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கிளையண்ட் மும்பையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது இதில் பெரிய சௌகரியம். பதிவு செய்வதற்கு முன்னால் முடித்துக் கொடுத்த வேலைக்கு இது கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது, அதனால்தான் முதல் நாளே என்கிறேன்.

புகார் வரைக்கும் பெரும்பாலும் போகாது. இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணையும் 45 நாள் விதியைச் சொல்லும் ஒரு வாக்கியத்தையும் போட்டாலே வித்தியாசம் தெரியும். 2023-24 நிதியாண்டிலிருந்து இப்படிக் காலம் தாண்டிய பாக்கியை அந்தக் கம்பெனி அதே வருடச் செலவாகக் காட்ட முடியாது, பணத்தைக் கொடுத்த வருடத்தில்தான் காட்ட முடியும். அதனால் பழைய பாக்கிகளுக்கு மார்ச் முதல் வாரத்தில் ஒரு மெயில் கட்டாயம் போடுங்கள். வேலை கொடுத்தவருக்கு மட்டும் போடாமல் அக்கவுண்ட்ஸ் ஆட்களையும் சேர்த்துப் போடுங்கள். சண்டை வேண்டாம், தேதி, தொகை, இன்வாய்ஸ் எண், எப்போது எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான்.

தொழில்முறைக் கட்டணம் என்று 10% டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை, பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புவார்கள், பிடித்த பணம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். புதிய வரிமுறையில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லாததால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் நம்மில் பலருக்கு முழுவதும் திரும்பி வரும். அந்த ரிட்டர்ன்தான் நாளைக்கு வீட்டு ஓனரிடமும் வங்கியிடமும் சம்பளச் சீட்டுக்குப் பதிலாகக் காட்டும் காகிதம். ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான், அது வரைக்கும் கவலை இல்லை.

வரும் பணம் எல்லாம் ஒரு கணக்கில் விழட்டும், அங்கிருந்து மாதம் ஒன்றாம் தேதி உங்களுக்கு நீங்களே ஒரே அளவான சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகையில் கை நிறைய வந்தாலும் அதே தொகை, பங்குனியில் வற்றினாலும் அதே தொகை. வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பெரிய ஆறுதல், ஊரிலிருந்து அம்மா போன் செய்து வேறு வேலை பார்க்கக் கூடாதா என்று கேட்பதும் தன்னால் குறையும்.

இந்த ஊரில் தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிரமம், நாள் முழுக்கத் தமிழ் காதில் விழாமலே போகலாம். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள், இங்கே வாழ்வதற்கான மரியாதை அது, கன்னடத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய் உட்காருங்கள், இல்லையென்றால் கப்பன் பார்க்கில் இருக்கும் மாநில மத்திய நூலகம். புத்தகத்தோடு மனுஷர்களும் கிடைப்பார்கள், என் அனுபவத்தில் அடுத்த வேலை அவர்கள் வழியாகத்தான் வரும்.

சொந்த எழுத்துக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள், மெயிலைத் திறப்பதற்கு முன். சிற்றிதழ்களில் பெரும்பாலும் சன்மானம் இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான், அதனால் அதை வருமானக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அங்கே எழுதுவது வேறு காரணத்துக்காக. வேலை வற்றிய மாதத்தில் முதல் வாரம் பழைய கிளையண்ட்டுகளுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், பாக்கி இருந்தால் கேளுங்கள், செய்து முடித்த வேலைகளின் மாதிரியைப் புதுப்பியுங்கள். மிச்சம் மூன்று வாரமும் அந்த நாவலுக்கு.