தோட்டத்துப் பிள்ளைகளைத் தோட்டத்திலேயே படம் எடுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கல்யாணம் நிச்சயமானதுமே ஜோடி கேட்கும் முதல் கேள்வி, "கேமரன் மலைக்குப் போகலாமா, ஈப்போ பழைய நகரத்துச் சுவரோவியங்களுக்கு முன்னால் நிற்கலாமா" என்பதுதான். போகலாம், தப்பே இல்லை. ஆனால் அங்கே எடுத்த படத்தில் இரண்டு முகத்தை மட்டும் மாற்றிவிட்டால் அது எந்த ஜோடியின் படமாகவும் ஆகிவிடும். தாத்தா ரப்பர்ப் பால் வெட்டிய மர நிரை, அம்மா தண்ணீர் பிடித்த லயத்து வரிசை வீடுகளின் குழாயடி, பிள்ளைகள் பந்து விளையாடிய திடல், தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல், இவையெல்லாம் அவர்களுக்கு மட்டுமே உரியவை. பால்மரக் காடுகள் எண்ணெய்க்கான செம்பனையாகி, செம்பனையும் வீட்டுமனையாகிக்கொண்டிருக்கிற நேரத்தில் இந்த இடங்களைப் படத்தில் பிடித்துவைக்கும் வேலை கல்யாணப் படம் எடுக்கும் நம்மிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் ஜோடியை முதன்முதலில் சந்திக்கும்போது விலைப்பட்டியலை நீட்டாதீர்கள், "உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள்.

தோட்டத்துக்குள் போக அனுமதி வேண்டும். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் 1960-இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டங்கள் உண்டு, பெரிய கம்பெனித் தோட்டங்கள் உண்டு, தனியார் கையில் இருப்பவையும் உண்டு. யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒரு வாரத்துக்கு முன்பே ஆபிஸில் போய்க் கேளுங்கள். ஜோடியின் உறவுக்காரர் யாராவது அங்கே கிராணியாகவோ (எழுத்தர்) மண்டோராகவோ (கங்காணி) இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. வாசலில் நிற்கும் காவலாளி ஜாகாவிடமும் நாள், நேரம் சொல்லி வைத்துவிடுங்கள், அண்ணே என்று கூப்பிட்டுப் பேசினால் எந்தப் பாதையில் சேறு, எந்தப் பக்கம் அன்றைக்குச் செம்பனைக் குலை வெட்டு என்று அவரே சொல்லிவிடுவார்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். நம் நாட்டுக் கடிகாரம் 1982-லிருந்து இன்னும் அரைமணி முன்னதாக ஓடுவதால் பேராக்கில் உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்று, ஒன்றேகால் வாக்கில்தான் வருகிறது. அப்போது எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். ஐந்தரைக்கு ஜோடியை வரச்சொல்லி ஆறு மணிக்கு ஆரம்பித்தால் நல்ல வெளிச்சம் முழுவதும் கையில் இருக்கும். மேற்கே மலை நிற்கிற இடமென்றால் வெயில் இன்னும் முன்னதாகவே போய்விடும், முந்தைய நாளே அதே நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மறைந்த பிறகு நம் பக்கம் சட்டென்று இருட்டிவிடும், "இன்னும் ரெண்டு படம்" என்று இழுக்க நேரம் இருக்காது. மாற்றுநாளும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சாயங்கால இடிமழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

பால்மர நிரைக்குள் படமெடுப்பதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே நிழல் குளுகுளுவென்று இருக்கும், கண்ணுக்கு அழகாகத் தெரியும், வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் முகமெல்லாம் பச்சை பாய்ந்திருக்கும். இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சம் அது. நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அந்தப் பச்சை விழுந்தால் ஆள் நோயாளி மாதிரி தெரிவார், அதைப் போக்க வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) திருத்தினால் பட்டுப்புடவையின் சிவப்பு கெட்டுப்போகும். அதனால் ஜோடியை நிரைக்குள் ஆழமாகக் கொண்டுபோகாதீர்கள். தோட்டச் சாலை ஓரத்தில் முதல் இரண்டு மரங்களுக்கு நடுவே நிறுத்துங்கள், முகம் சாலைப்பக்கம் பார்க்கட்டும். திறந்த வானத்தின் வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழும், நிரை பின்னால் நீளமாக ஓடும். 85 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் துளை அளவை எஃப் 2.8 வாக்கில் வைத்துக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மரங்கள் நெருங்கி வந்து நிற்கும். நீங்கள் அரையடி இடமோ வலமோ நகர்ந்தாலே நிரை திறக்கும், அல்லது மூடிக்கொள்ளும், அந்த அரையடியைத் தேடுவதில் சோம்பல் கூடாது. முகம் இன்னும் மந்தமாக இருந்தால் ஹார்ட்வேர் கடையில் விற்கும் வெள்ளைப் பாலிஸ்டைரின் பலகை ஒன்று போதும், தங்கச்சியோ தம்பியோ பிடித்துக்கொள்வார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும். மஞ்சளும் செம்பும் கலந்த அந்தச் சில வாரங்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு விஷயம், மரத்தில் சாய்ந்து நிற்கச் சொல்லாதீர்கள். வெட்டுக்காயத்திலிருந்து மங்கு என்கிற கிண்ணத்துக்கு இறங்கும் பால் பட்டுப்புடவையில் பட்டால் காய்ந்து ரப்பராகி நூலோடு ஒட்டிக்கொள்ளும், எந்தச் சலவைக்காரராலும் எடுக்க முடியாது. வெட்டுப்பட்டையும் மங்கும் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே ஜோடியைப் பக்கத்தில் விடுங்கள். செம்பனைக்குள் என்றால் வெட்டிப்போட்ட மட்டைகளின் முள்ளும் எலியைத் தேடி வரும் பாம்பும் உண்டு, குலை வண்டி போகும் அகலப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மணப்பெண் சாதாரணச் செருப்பில் நடந்து வந்து, படத்துக்கு மட்டும் நல்ல காலணி மாற்றட்டும். கொசு மருந்தைப் பட்டு உடுத்துவதற்கு முன்பே பூசிக்கொள்ளச் சொல்லுங்கள், அப்புறம் அடித்தால் புடவையில் கறை விழும்.

ஜோடி வெட்கப்படும். நம் ஊரில் அம்மாவோ அக்காவோ கூடவே வந்து நிற்பார்கள், அவர்கள் முன்னால் "கட்டிப்பிடிங்க" என்று சத்தம் போட்டால் இருவரும் மரக்கட்டையாகிவிடுவார்கள். எவ்வளவு நெருக்கம் சரி என்று பெண்ணிடம் தனியாகவும் பையனிடம் தனியாகவும் முன்பே கேட்டுவிடுங்கள், படம் எடுக்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். அவர்களுக்குச் செய்ய ஏதாவது வேலை கொடுங்கள். பெண்ணின் தலையில் சரிந்த பூச்சரத்தைப் பையன் சரிசெய்யட்டும், இருவரும் சாலை வளைவிலிருந்து பேசிக்கொண்டே நடந்து வரட்டும். நல்ல படங்கள் பெரும்பாலும் "முடிந்தது" என்று நீங்கள் சொன்ன பிறகு வருகிற அரை நிமிடத்தில்தான் இருக்கும், கேமராவை இறக்காதீர்கள்.

நிச்சயதார்த்தம் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நடக்கிறதென்றால் கூரைத் துணியின் நிறத்தை முதலில் கேளுங்கள். நீலக் கூடாரத்துக்குள் பகலில் தட்டு மாற்றினால் சம்பந்திகள் எல்லோரும் நீலமாகத்தான் வருவார்கள், கூரையில் மோதித் திரும்பும் ஃபிளாஷும் நீலமாகவே வரும். கூடாரத்தைப் பேசும்போதே வெள்ளைத் துணி கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் மணையைக் கூடாரத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போடுங்கள், ஃபிளாஷைக் குடை வழியாகப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள்.

பதிவுத் திருமணத்தையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1982 மார்ச்சுக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது, பதிவும் வேண்டும். பலரும் மாதங்களுக்கு முன்பே பதிந்துவிடுகிறார்கள். அறை சிறியது, நேரம் குறைவு, 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். கையெழுத்துப் போடும் விரல்களை விட, பக்கத்தில் நின்று பார்க்கிற அப்பாவின் முகத்தை எடுங்கள்.

கல்யாணத்தன்று எல்லாமே தாலி கட்டும் அந்த நேரத்துக்காகத்தான். முந்தைய நாளே ஐயரிடம் போய் உட்காருங்கள், எது எதற்குப் பின், மணமகன் எந்தப் பக்கமிருந்து குனிவார், மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடுவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வீடு மாறும். நாதஸ்வரக் குழுவோடும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஐயர் கையைத் தூக்கியதும் கெட்டிமேளம் வெடிக்கும், அடுத்த நொடி கைப்பேசியோடு இருபது பேர் மேடையில் இருப்பார்கள். இதற்கு ஒரே மருந்து தாய்மாமன். "மாமா, தாலி கட்டும்போது இந்தப் பக்கம் மட்டும் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் அவர் நிற்கிற நிலையே போதும். நீங்கள் மணவறைக்கு முன்னால் தாழ்வாக அமர்ந்து, மணமகனின் கை, பெண்ணின் குனிந்த முகம், பின்னால் நாத்தனார் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து எல்இடி விளக்குகள் பல 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துடிப்பவை, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது ஷட்டரை 1/100 நொடியில் வையுங்கள், படத்தில் கோடு விழாது. தாலி நேரத்தில் மட்டும் ஃபிளாஷோடு 1/200, மஞ்சள் அரிசி காற்றில் நிற்கும். ஓமப்புகைக்கு நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத்திரை, பக்கவாட்டில் அடித்தால் அழகு.

ஒளியளவை முகத்துக்குப் பாருங்கள், வேட்டி வெளுத்துப்போகாமல் ஓரக்கண்ணால் கவனித்தால் போதும், சுருக்காத மூலப்பதிவான ரா கோப்பில் எடுத்தால் மீட்டுக்கொள்ளலாம். அப்புறம் திருத்தும்போது யார் கேட்டாலும் நிறத்தை வெளுக்காதீர்கள். மணப்பெண்ணே கேட்டாலும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்த அவருடைய படத்தையும் வெளுத்ததையும் காட்டுங்கள். நகையும் மஞ்சளும் குங்குமமும் அவருடைய நிறத்தின் மேல்தான் எடுத்துக்காட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

குடும்பப் படங்களுக்கு எல்லோர் பெயரும் தெரிந்த ஓர் அத்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி முதலில், அவர்களை வெயிலில் காக்க வைக்காதீர்கள். குளிர்சாதன மண்டபத்திலிருந்து வெளியே ஓடுவதற்கு முன் அரைமணி நேரம் கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வெளியில் வைத்தால் லென்ஸில் ஆவி படியாது. இரண்டு நினைவு அட்டையில் ஒரே நேரத்தில் பதியுங்கள், அன்று இரவே இரண்டு வன்தட்டில் நகல் எடுத்துவிட்டுத்தான் தூங்கப்போக வேண்டும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் எழுத்தில் பேசுங்கள்: எத்தனை வெள்ளி (ரிங்கிட்) முன்பணம், எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள் படம் கையில் வரும், மழை வந்தால் எந்த நாள். ஆல்பத்தோடு பாட்டி வீட்டுச் சுவருக்கு ஒரு பெரிய பிரதியையும் விலையிலேயே சேர்த்துவிடுங்கள், அதைத் தனியாகக் கேட்கப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள்.