குஸ்கோவில் முதல் நாள்: மேலிருந்து கீழே ஒரு குட்டி நடை

குஸ்கோவுக்கு முதல் தடவை போகிற பலரும் செய்யும் தவறைத்தான் நானும் செய்தேன். விமானத்தை விட்டு இறங்கி, அறையில் பையைப் போட்டுவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய சதுக்கத்திலிருந்து சான் பிளாஸ் மேட்டை ஏறத் தொடங்கினேன். பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கி ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, ஒரு முக்காலியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டார். தினமும் என்னைப் போல நாலு பேரைப் பார்க்கிறவர் போல.

பெரு நாட்டில் இருக்கும் இந்த ஊர், ஸ்பானியர் வந்து கைப்பற்றும் முன் அந்த மலைநாட்டை ஆண்ட இன்காக்களின் தலைநகரம். ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இந்த நடைக்கு ஒரே ஒரு தந்திரம்: மேட்டுக்கு டாக்சியில் போங்கள், இறக்கத்தில் நடந்து வாருங்கள். மொத்தத் தூரம் சுமார் ஒரு கிலோமீட்டர். வேகமாக நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். இறங்கி வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த வழியில் கீழே வர வர இன்காக்களின் கல்வேலை நுணுக்கமாகிக்கொண்டே போகும்.

கிளம்பும் முன்

வந்து இறங்கியதும் அரை நாளாவது படுத்து ஓய்வெடுங்கள். தங்கும் இடங்களில் மாதே தெ கோகா என்று கோகா இலை போட்ட வெந்நீர் தருவார்கள், குடிக்கலாம். ஆனால் அந்த இலையை ஊருக்கு எடுத்து வராதீர்கள், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். லேசான தலைவலி சகஜம். வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் நடையை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தொப்பி, தண்ணீர், சில்லறையாக சோல் (பெரு நாட்டுப் பணம்) நோட்டுகள், பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. தெருக் கற்கள் காலம் காலமாகத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், அப்போது இறக்கத்தில் வழுக்கும்.

படி 1: டாக்சியில் சான் பிளாஸ்

ஓட்டுநரிடம் 'பிளாசோலெத்தா சான் பிளாஸ்' என்று சொன்னால் போதும். மீட்டர் கிடையாது, கட்டணத்தைப் பேசி முடித்த பிறகு ஏறுங்கள்.

சான் பிளாஸ் கைவினைஞர்களின் பேட்டை. சின்னத் தேவாலயத்துக்குள் தேவதாரு மரத்தில் இழைத்த பிரசங்க மேடை ஒன்று இருக்கிறது. ஒரு அங்குலம்கூட வெறுமையாக விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் திகட்டியது. பக்கத்திலேயே மெந்தீவில் குடும்பத்தாரின் பட்டறைப் பொம்மைகளைப் பாருங்கள். அவர்களுடைய புனிதர்களுக்கெல்லாம் கழுத்து நீளம், லாமா என்ற ஒட்டக இனத்து மலை விலங்கைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள்.

படி 2: ஹாதுன் ருமியோக் தெருவில் சுவரைப் படிப்பது

சான் பிளாஸ் சரிவில் நேராக இறங்குங்கள். சரிவு முடியும் இடத்தில் தெரு குறுகி, ஒரு பக்கம் பெரிய கருங்கல் சுவர் எழும்பும். ஹாதுன் ருமியோக் என்றால் இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் 'பெரிய கல்லை உடையது'. இன்கா ரோக்கா என்ற அரசரின் அரண்மனைச் சுவர் இது. இப்போது அதன் மேல் பேராயர் மாளிகை நிற்கிறது.

கூட்டம் எங்கே செல்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதோ அங்கேதான் இந்தச் சுவரின் பெயர்பெற்ற பன்னிரண்டு மூலைக் கல். விரலால் எண்ண ஆசையாக இருக்கும், தொடாதீர்கள். 2025 பிப்ரவரியில் ஒருவர் அதை உலோகப் பொருளால் அடித்துச் சில இடங்களில் பெயர்த்துவிட்டார்.

என்னைக் கேட்டால், படம் எடுத்து முடித்ததும் அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டிவிடுங்கள். சுவர் முழுவதையும் பார்க்க வேண்டும். ஒரு கல்லும் இன்னொன்றைப் போல இல்லை. ஒவ்வொன்றும் தலையணை போல முன்னே புடைத்திருக்கிறது, இடுக்கில் சாந்து கிடையாது. இன்காக்களிடம் இரும்பு இல்லை. இன்னும் கடினமான கல்லை உருண்டையாகப் பிடித்து, கொத்திக் கொத்தித்தான் இந்த வடிவத்துக்குக் கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கல்லின் மூலைக்கு ஏற்ப இந்தக் கல்லின் மூலை. பன்னிரண்டு மூலை வந்தது அப்படித்தான், அதிசயம் காட்டுவதற்காக அல்ல.

இப்போது எதிர்ப்பக்கச் சுவரைப் பாருங்கள். ஸ்பானியர் காலத்தில் எழுப்பியது: ஒழுங்கில்லாத கற்கள், நடுவில் தாராளமாகச் சாந்து. இங்கே வழிகாட்டிகள் தவறாமல் ஒரு ஜோக் அடிப்பார்கள்: 'இது இன்காஸ், அது இன்காபாசெஸ்.' ஸ்பானிய மொழியில் இன்காபாசெஸ் என்றால் கையாலாகாதவர்கள். மூன்று குழுக்கள் கடந்து போவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டேன், மூன்றாவது முறையும் சிரிப்பு வந்தது.

இனி ஊர் முழுக்க இதே கணக்குதான்: கீழ்ப்பாதி கல் இன்கா, மேலே வெள்ளைச் சுவரும் மரப் பால்கனியும் ஸ்பானியர். கண்ணைத் தாழ்த்தியே நடங்கள்.

படி 3: பெரிய சதுக்கம்

அதே தெரு திரியும்ஃபோ என்ற பெயரோடு பிளாசா தெ அர்மாஸில் போய்ச் சேரும். இங்கே ஒரு பெஞ்சில் உட்காருங்கள், உடம்புக்கும் தேவை.

இன்கா காலத்தில் இதன் பெயர் ஹவுக்காய்பாத்தா. பசிபிக் கடற்கரையிலிருந்து மணல் கொண்டு வந்து இதன் தரையில் பரப்பியிருந்தார்கள். பிறகு வந்த ஸ்பானிய நிர்வாகி போலோ தெ ஒந்தேகார்தோ அந்த மணலை அள்ளிக் கட்டட வேலைகளுக்குக் கொடுத்துவிட்டார். எதிரே நிற்கும் பேராலயமும் அப்படித்தான், அதன் கற்களில் பல மலைமேல் இருக்கும் சாக்சாய்வாமான் கோட்டையிலிருந்து பெயர்த்தவை. கட்டி முடிக்க 1654 ஆகிவிட்டது.

உள்ளே போக தனிக் கட்டணம், படம் எடுக்க அனுமதி இல்லை. நேரம் இருந்தால் இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்று, மார்கோஸ் சபாத்தா வரைந்த கடைசி இராவுணவு. இயேசுவின் முன்னால் தட்டில் இருப்பது வறுத்த கினிப்பன்றி, இந்த மலைநாட்டின் விருந்துச் சாப்பாடு. இன்னொன்று, நிலநடுக்கங்களின் ஆண்டவர் என்று ஊரார் கும்பிடும் கருநிறச் சிலுவைச் சிலை. 1650 நிலநடுக்கத்தின்போது அதை வெளியே எடுத்து வந்ததால்தான் ஊர் பிழைத்தது என்பது அவர்கள் நம்பிக்கை.

1781 மே 18 அன்று, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த இரண்டாம் துபாக் அமாருவை மனைவி மீக்காயேலா பாஸ்திதாஸோடு இதே சதுக்கத்தில்தான் கொன்றார்கள்.

படி 4: லொரேட்டோ சந்து

சதுக்கத்தில் இன்னொரு தேவாலயம் இருக்கிறது, இயேசு சபையாருடைய கொம்பாஞ்ஞியா. அதைப் பார்த்து நின்றால் இடது பக்கம் ஒரு ஒடுக்கமான சந்து தெரியும், அதில் நுழையுங்கள். நடக்கும்போது இடது கைப்பக்கச் சுவர் அக்யாவாசி, அரசுக்காகத் துணி நெய்த, சடங்குகளுக்கு மக்காச்சோளப் பானம் காய்ச்சிய பெண்கள் வாழ்ந்த இடம். அதன் ஒரு பகுதியில் ஸ்பானியர் கன்னிமடம் கட்டினார்கள்.

இங்கே புடைப்பும் கோணலும் போய், செங்கல் அடுக்கியது போல நேர் வரிசையாக வந்துவிட்டது, பார்த்தீர்களா? சுவர் மேலே போகப் போக லேசாக உள்பக்கம் சாய்வதையும் கவனியுங்கள். சந்தில் பைக்கு மேல் ஒரு கை இருக்கட்டும்.

படி 5: கோரிகாஞ்சா

நேராகப் போனால் சில நிமிடங்களில் சாந்தோ தொமிங்கோ மடம் வரும். அதன் அடியிலும் உள்ளேயும் இருப்பதுதான் கோரிகாஞ்சா, 'பொன் வளாகம்', இன்காக்களின் சூரியக் கோயில். சுவரில் பதித்திருந்த பொன் தகடுகளை, ஸ்பானியரிடம் சிறைபட்ட இன்கா அரசர் அதாவால்பாவின் மீட்புத் தொகைக்காக 1533இல் உரித்துக்கொண்டு போனார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மடம் பலமாகச் சேதமடைந்தது, இன்கா சுவர்கள் நின்றன. உள்ளே அந்த அறைகளின் கல் இடுக்குகளைத் தேடுங்கள். பல இடங்களில் கோடு மட்டும்தான் தெரியும்.

டிக்கெட் விஷயத்தில் பலரும் குழம்புவது இங்கேதான். ஊருக்குப் பொதுவான சுற்றுலாச் சீட்டு கீழே தோட்டத்தருகே உள்ள நிலத்தடி அருங்காட்சியகத்துக்குத்தான் செல்லும். கோயிலுக்குத் தனிக் கட்டணம். ஞாயிற்றுக்கிழமை நேரமும் மாறும், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். இறங்கி அவெனிதா எல் சோல் பக்கம் போய், தோட்டத்துக்கு இந்தப் பக்கமிருந்து திரும்பிப் பாருங்கள். மடத்துக்குக் கீழே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் வில்லாக வளைந்து நிற்கும். மாலை வெயில் அதன் மேல் விழும்போது நன்றாக இருக்கும். டாக்சியும் அந்தச் சாலையில் எளிதாகக் கிடைக்கும்.