வீவக வீட்டிலிருந்து ஆழ்விண் படங்கள்: சிறிய ஸ்மார்ட் தொலைநோக்கியுடன் தொடங்குவது எப்படி?

நெபுலா எனப்படும் விண்முகில், விண்மீன் கொத்து, காலக்சி எனப்படும் பேரடை ஆகியவற்றைப் படமெடுப்பதை ஆழ்விண் ஒளிப்படக்கலை என்கிறோம். சிங்கப்பூரில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, இவ்வளவு வெளிச்சமான ஊரில் இது நடக்குமா என்பதுதான். கேள்வி நியாயமானது. இரவு வானம் செயற்கை ஒளியால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று உலகம் முழுவதற்கும் கணக்கிட்டு 2016இல் வெளியான ஆய்வில், ஒளி மாசு மிகுந்த நாடுகளின் வரிசையில் முதலிடத்தில் இருந்தது சிங்கப்பூர். இருந்தாலும் நடக்கும். இந்த வானத்துக்கும், நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் இந்த ஊரின் இருப்பிடத்துக்கும் பொருந்துகிற இலக்கையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும். பெரும்பாலான வழிகாட்டிகள் குளிர்நாட்டு வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், இங்கே எது மாறுகிறது என்பதையே இந்தக் கட்டுரையில் விரிவாகச் சொல்கிறேன்.

கருவி

தொலைநோக்கி, கேமரா, விண்மீனைப் பின்தொடரும் மோட்டார், கணினி ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ஸ்மார்ட் தொலைநோக்கிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. சீஸ்டார் எஸ்50 என்ற கருவியின் முன்வில்லை 50 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத்தூரமும் கொண்டது, எடை ஏறத்தாழ 2.5 கிலோ. அதைவிடச் சிறிய எஸ்30, டுவார்ஃப் 3 ஆகியவை தோள்பையில் அடங்கி எம்ஆர்டியில் சிரமமின்றி உடன் வரும். கார் இல்லாத வீடுகளே மிகுதியான ஊரில் இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். தூக்கிச் செல்லத் தயங்க வைக்கும் பெரிய கருவி நாளடைவில் அலமாரியிலேயே தங்கிவிடும்.

கருவியில் இரட்டைப் பட்டை ஃபில்டர் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டரிலும், அயனியான ஆக்சிஜன் 501 நானோமீட்டரிலும் ஒளிர்கின்றன. இந்த ஃபில்டர் அவ்விரண்டையும் ஒட்டிய ஒளியை மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தானே ஒளிரும் நெபுலாக்களை நம் வானத்திலும் பிடிக்க முடிவது இதனால்தான். பேரடைகளின் ஒளியோ எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அவற்றுக்கு இந்த ஃபில்டர் உதவுவதில்லை. ஆகவே ஆண்ட்ரோமெடா பேரடையில் தொடங்க வேண்டாம். அதன் நடுப்பகுதி மங்கலான திட்டாகத் தெரிவதோடு நின்றுவிடும்.

நாளும் நேரமும்

ஆண்டுத் தொடக்கத்தில் தேக்காவில் வாங்கி மாட்டும் தமிழ் நாட்காட்டி இதற்கு மிகவும் பயன்படும். தேய்பிறை ஏகாதசியன்று நிலவு பின்னிரவு மூன்று மணிக்கு மேல்தான் எழும். வளர்பிறை பஞ்சமியன்று இரவு பதினொரு மணிக்குள் மறைந்துவிடும். அமாவாசையை நடுவில் கொண்ட இந்தப் பத்து நாள்களே படமெடுக்க ஏற்றவை. இரட்டைப் பட்டை ஃபில்டரோடு பிரகாசமான நெபுலாவை எடுப்பதானால் இன்னும் சில நாள்கள் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே சூரியன் ஏறத்தாழ நேர்செங்குத்தாக இறங்குவதால், மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருள் வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் இரவு எட்டரைக்குத் தொடங்கலாம். மழையைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட பகுதியான பிப்ரவரியில் தெளிந்த இரவுகளை எதிர்பார்க்கலாம்.

இடமும் இலக்கும்

வீவக புளோக்குகள் பல, தெற்கும் வடக்கும் பார்த்து நிற்பவை. தெற்கு பார்த்த தாழ்வாரத்தில் நின்றால் மேல்தளம் உச்சிவானத்தை மறைத்துவிடும். ஆனால் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை உயரம் வரையுள்ள வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். தென்வானத்தின் மிகச் சிறந்த பொருள்களில் இரண்டு அந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. கரினா நெபுலா தன் உச்சநிலையில் 29 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் நடுவில் இரவு பத்து மணியளவில் அந்த நிலையை அடையும். அதன் நடுவேயுள்ள ஈட்டா கரினே, 1843இல் திடீரென வெடித்தெழுந்து, வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீனாகச் சில காலம் ஒளிர்ந்தது. ஒமேகா சென்டாரி என்ற, விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கோளக் கொத்து 41 பாகை வரை ஏறும். மே நடுவில் இரவு பத்தே முக்காலுக்கு உச்சத்தில் இருக்கும் அதற்கு ஃபில்டர் தேவையில்லை. லண்டனில் இருப்பவருக்கு இவ்விரண்டும் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கோ வீட்டு வாசலிலேயே கிடைக்கின்றன.

தாழ்வாரம் வடக்கு பார்த்ததாக இருந்தால், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம், சாங்கி கடற்கரை, மரினா பராஜின் புல்வெளி போன்ற திறந்த இடங்களுக்குச் செல்லலாம். எங்கே வைத்தாலும் அருகிலுள்ள விளக்கு நேராக வில்லைக்குள் விழாதபடி, ஒரு தூணின் நிழலிலோ சுவரின் மறைவிலோ வையுங்கள். தாழ்வாரத்தில் நடப்பவர்களுக்கு வழி விட வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் கருவியை ஒருபோதும் வைக்கக் கூடாது.

வைத்து இயக்குதல்

குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை எடுத்து நேரே வெளியே வைத்தால், ஈரக்காற்று பட்டதும் குளிர்ந்த வில்லையில் நீர் படிந்துவிடும். ஆகவே பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு, அதன்பின் எடுங்கள். முக்காலியை முடிந்த அளவு தாழ்வாக விரித்து, செயலியில் தெரியும் குமிழி நடுவில் வரும்வரை கால்களைச் சரிசெய்து மட்டப்படுத்துங்கள். கருவி உருவாக்கும் வைஃபையில் கைப்பேசியை இணைத்து, இருப்பிட அனுமதியை வழங்குங்கள். இரும்புக் கம்பிகளின் அருகே திசைகாட்டி பிசகும் என்றாலும், கருவி தானே ஒரு படம் எடுத்து விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தன் பார்வைத் திசையைத் திருத்திக்கொள்ளும். அதற்கு வானம் மறைப்பின்றித் தெரிந்தால் போதும். பிறகு தானியங்கிக் குவியத்தை ஒருமுறை இயக்குங்கள். பனி படியாமல் தடுக்கும் சூடேற்றியை முதலிலேயே போட்டுவிடுங்கள். அது மின்கலத்தை விரைவாகக் குறைக்கும் என்பதால் ஒரு பவர்பேங்க் கையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் 10 விநாடி போதும். நம் வானத்தின் பின்னணி ஒளி அவ்வளவு வலுவானது என்பதால், நேரத்தைக் கூட்டினால் வானத்தின் வெளுப்பும் சேர்ந்தே கூடும். பல நூறு குறும்படங்களைக் கருவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, நெபுலாவின் ஒளி ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். இரைச்சல் எனப்படும் புள்ளிக் கலங்கல் படத்துக்குப் படம் வேறுபடுவதால் அடங்கிவிடும். ஆனால் இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு படங்கள் வேண்டும். ஓரியன் நெபுலாவுக்கு 20 நிமிடமே அழகாக இருக்கும். கரினாவுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

உச்சிவானத்தைத் தவிர்க்கவும்

நிலநடுக்கோட்டுக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இந்தக் கருவிகள் மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் திரும்பி இலக்கைப் பின்தொடர்கின்றன. அப்போது இலக்கு படத்தின் நடுவிலேயே நின்றாலும், சுற்றியுள்ள விண்மீன்கள் மெல்லச் சுழலும். இந்தச் சுழற்சி எவ்வளவு வேகமானது என்பது இலக்கு நிற்கும் திசையையும் உயரத்தையும் பொறுத்தது.

ஓரியன் நெபுலாவை எடுத்துக்கொள்வோம். திருவாதிரை விண்மீனும் பக்கத்தில் வரிசையாக மூன்று விண்மீன்களும் தெரிந்தால், அந்த மூன்றின் தெற்கே அது இருக்கிறது. சிங்கப்பூரில் அது 83 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே, உச்சத்தைக் கடக்கிறது. அந்த நேரத்தில் படம் நிமிடத்துக்கு இரண்டு பாகைக்கு மேல் சுழல்கிறது. 10 விநாடிப் படத்திலேயே மூலையிலுள்ள விண்மீன்கள் ஆறேழு பிக்சல் இழுபட்டுக் கோடுகளாகின்றன. அதே நெபுலா மேற்கே 60 பாகைக்கு இறங்கியதும் சுழற்சி மணிக்கு ஏழு பாகையளவுக்குக் குறைந்து, இழுபடுவது அரைப் பிக்சலுக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே டிசம்பர் இறுதியில் எட்டரை முதல் பத்தரை வரை கிழக்கிலும், பிப்ரவரி நடுவில் பதினொரு மணிக்கு மேல் மேற்கிலும் அதை எடுங்கள். பொதுவாக உயரமே நல்லது என்பார்கள். உச்சிவானம் வரை ஏறும் இலக்குகளுக்கு இங்கே 40 முதல் 65 பாகை வரையே நல்லது.

வானம் சுழலும் மையமான துருவத்தை நோக்கிக் கருவியைச் சாய்த்து வைத்தால் இந்தச் சுழற்சி அறவே இராது. ஆனால் நம் ஊரில் துருவம் தொடுவானத்தை ஒட்டியிருப்பதால் கருவியை ஏறத்தாழ படுக்க வைக்க வேண்டியிருக்கும். சிறிய முக்காலியில் அது எளிதில் கவிழும். துருவ விண்மீனும் கண்ணுக்குத் தெரியாது. தொடக்கத்தில் அந்த முறையைத் தள்ளிவைப்பதே நல்லது.

வீட்டுக்கு வந்தபின்

வில்லையைத் துடைக்காதீர்கள், உலரும்வரை மூடாமல் வைத்துவிட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். இந்தப் புழுக்கத்தில் வில்லையில் பூஞ்சை பிடித்தால் நீக்குவது கடினம்.

செயலி தரும் படமே பகிரத் தகுந்ததாக இருக்கும். மேலும் மெருகேற்ற விரும்பினால், கருவி சேமிக்கும் ஃபிட்ஸ் என்ற மூலப்படக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றி, இலவச மென்பொருளான சிரிலில் திறங்கள். சுழற்சியால் கந்தலான ஓரங்களை முதலில் வெட்டுங்கள். அடுத்து பின்னணியின் ஏற்றத்தாழ்வை நீக்குங்கள். நகர ஒளி ஒரு பக்கத்திலிருந்தே வருவதால் நம் படங்களில் இந்தப் படி மிக முக்கியமானது, இதற்கென்றே கிராஎக்ஸ்பர்ட் என்ற இலவச மென்பொருளும் உண்டு. அதன்பின் நிறத்தைச் சரிசெய்து, இருண்ட பகுதிகள் மேலெழும்படி ஒளியளவைச் சிறிது சிறிதாக விரியுங்கள். வானப் பின்னணி முழுக் கறுப்பாகும் முன்பே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் நெபுலாவின் மெல்லிய புறவிளிம்புகள் அந்தச் சாம்பல் நிறத்துக்குள்தான் இருக்கின்றன.