பத்து மணிக்குப் பூட்டிய வைஃபையில் எங்கே ஓட்டை?

மகனின் போனை ரவுட்டரில் மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) வைத்து இரவு 10 மணிக்கு முடக்கியும் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் பெரும்பாலும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு மேக் முகவரியைக் காட்டும். எங்கள் ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனி வைஃபை பெயர். நான் தடுத்தது 2.4-இல் காட்டிய முகவரியை, பையன் 5-க்குத் தாவிவிட்டான்.

முகவரியைத் துரத்துவது வீண் வேலை. பிள்ளைகளுக்குத் தனியாக கெஸ்ட் வைஃபை (அதே ரவுட்டரில் வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு கொண்ட இணைப்பு) திறந்து, மெயின் பாஸ்வேர்டை மாற்றி, கெஸ்ட் மட்டும் 10-க்கு அணையும்படி வைத்தேன். (எல்லா ரவுட்டரிலும் இந்த வசதி இருக்காது.) முதல் நாள் அணையவில்லை. ரவுட்டர் கடிகாரம் ஜிஎம்டியில் (கிரீன்விச் நேரத்தில்) இருந்தது. அதன் இரவு 10 மணி நமக்கு விடியற்காலை 3.30! நேர மண்டலத்தை +5.30 ஆக்கியதும் சரியானது.

அம்மாவின் போன் பின் நம்பர் தெரிந்தால், வைஃபை க்யூஆர் கோடை எடுத்து மெயினுக்குள் நுழைந்துவிடுவார்கள். அந்தப் பின் நம்பரையும் மாற்றுங்கள். மொபைல் டேட்டா தனிக் கதை.