நீலகிரியில் தினமும் ஓட்ட: 110 ஸ்கூட்டரா, 125 ஸ்கூட்டரா?

ஷோரூம் அட்டையில் 8 பிஎஸ் (இன்ஜின் சக்தியின் அளவு, ஏறக்குறைய குதிரைசக்தி) என்று போட்டிருக்கும் ஸ்கூட்டர், ஊட்டி சேரிங்கிராஸில் 8 பிஎஸ் தராது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து இருக்கும். இன்ஜின் ஒவ்வொரு முறை இழுக்கும் காற்றிலும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் சக்தி போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 பிஎஸ் வண்டி இங்கே ஆறேகால், ஆறரைக்குள் நின்றுவிடும். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டியவை என்பதால் கொஞ்சம் தேவலை. கூடலூர் இன்னும் தேவலை. அதனால் கோவையில் வண்டி வைத்திருக்கும் சொந்தக்காரர் "சூப்பராப் போகுது" என்று சொல்வதை நம்பி இங்கே முன்பணம் கட்டாதீர்கள்.

உதாரணத்துக்கு ஹோண்டா ஆக்டிவா 110, டிவிஎஸ் ஜூபிட்டர் 125 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். வேறு ஜோடியாக இருந்தாலும் பார்க்கும் முறை இதேதான். ஆக்டிவா 109.51 சிசி, எடை 106 கிலோவை ஒட்டி. ஜூபிட்டர் 124.8 சிசி, இரண்டு கிலோ கூடுதல். இருக்கை உயரம் இரண்டிலும் 765 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கால் ஊன்றுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. பிஎஸ் கணக்கிலும் இரண்டும் ஏறக்குறைய எட்டுதான். இங்கேதான் பலர் "அப்புறம் எதுக்கு 125?" என்று குழம்புகிறார்கள்.

வித்தியாசம் டார்க்கில், அதாவது இன்ஜின் சுழற்றித் தள்ளும் விசையில் இருக்கிறது. ஆக்டிவா தருவது 9 நியூட்டன் மீட்டரை ஒட்டி, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். ஜூபிட்டர் 125 தருவது 10.5, அதுவும் 4,500 சுற்றிலேயே. மேட்டில் இதன் அர்த்தம் என்ன என்று பாருங்கள். வண்டியும் இரண்டு பேரும் சேர்த்து 240 கிலோ. எட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் மேட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, அந்த எடையைத் தூக்க மட்டுமே சக்கரத்தில் ஏறக்குறைய 4.4 பிஎஸ் வேண்டும். ஊட்டி உயரத்தில் மிஞ்சும் ஆறு சொச்சத்தில் பெல்ட்டும் கிளட்சும் தின்பது போக 110-இல் கையில் நிற்பதே அவ்வளவுதான். ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கி, இன்ஜின் கத்திக்கொண்டே ஏறும். 125-உம் பறந்துவிடாது. ஆனால் அதே மேட்டை அவ்வளவு கத்தாமல், முறுக்கில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு ஏறும். முன்னால் போகும் பஸ் வளைவில் திடீரென்று நின்றால், திரும்பவும் கிளம்ப அந்த மிச்சம்தான் கை கொடுக்கும்.

முதலில் உங்கள் வழியைப் பாருங்கள்

தினம் போகிற வழியில் மிக மோசமான இருநூறு மீட்டர் எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது மெயின் ரோட்டில் இருக்காது. ஊட்டி–குன்னூர் ரோடு கேத்தி, அருவங்காடு வழியாக ஓரளவு சீராகவே இறங்குகிறது. கஷ்டமெல்லாம் ரோட்டிலிருந்து ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) இறங்கும் சிமென்ட் பாதையிலும், எஸ்டேட் லைனுக்கு ஏறும் கல் பாதையிலும், பள்ளிக்கூட வாசலுக்குப் போகும் குறுக்குச் சந்திலும்தான். அந்த இடத்தை வண்டி தாங்கினால் மற்றதெல்லாம் தாங்கும்.

அதில் ஏறும்போது வண்டியில் எவ்வளவு பாரம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். தனி ஆளாக வேலைக்குப் போய் வருபவருக்கும், பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை, காலடியில் மண்டியிலிருந்து வாங்கிய கேரட் மூட்டை என்று போகிறவருக்கும் ஒரே பதில் கிடையாது.

டெஸ்ட் டிரைவ்

ஷோரூம் ஆள் பஜாரைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்வரச் சொல்வார். அதோடு விட்டுவிடாதீர்கள். எப்போதும் பின்னால் உட்காரப்போகிறவரை அழைத்துப் போங்கள். உங்கள் மோசமான மேடு தொலைவில் இருந்தால், அதே அளவு சாய்வுள்ள வேறொரு மேட்டுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். நடுமேட்டில் நிறுத்தி, பிரேக்கில் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை மெதுவாகக் கொடுத்துக் கிளப்புங்கள். வண்டி தடதடவென்று அதிராமல் எடுக்கவேண்டும். பின்னால் சரிந்துவிட்டு எடுத்தாலோ, முக்கால்வாசி முறுக்கிய பிறகே நகர்ந்தாலோ, அந்தப் பாரத்துக்கு அந்த வண்டி பத்தாது. மூன்று முறை தொடர்ந்து செய்யுங்கள். மூன்றாவது முறை ரப்பரோ லைனிங்கோ கருகும் வாசனை வந்தால், தினமும் அப்படி ஓட்டினால் கிளட்ச் ஷூ சீக்கிரம் போய்விடும் என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்த வண்டியையும் அதே மேட்டில், அதே ஆளோடு, அதே நாளில் ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து ஓட்டினால் முதல் வண்டி எப்படி எடுத்தது என்பது மறந்துவிடும்.

ஏறியதோடு நிறுத்திவிடாதீர்கள். என்னைக் கேட்டால், மலையில் ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இறக்கத்தில்தான். ஏற்றத்தில் சக்தி பத்தாவிட்டால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் பத்தாவிட்டால் போவது உயிர்.

இறக்கமும் பிரேக்கும்

கியர் வண்டியில் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டால் இன்ஜினே பிடித்துக்கொண்டு இறங்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி ஓரளவுதான் உண்டு, அதுவும் ஒரு வேகம் வரைதான். ஆக்சிலேட்டரை விட்டால் கிளட்ச் ஒட்டியிருக்கும்வரை இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். வேகம் பதினைந்து கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும். வண்டி சட்டென்று இலகுவாகி உருளும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் அந்த நொடியில் இது நடந்தால், புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆக்சிலேட்டரை இம்மியளவு தொட்டுவிட்டால் கிளட்ச் திரும்பவும் ஒட்டிப் பிடி வந்துவிடும். இரண்டு வண்டியிலும் இதைச் செய்துபார்த்து, எதில் பிடி நன்றாகத் தெரிகிறது என்று கவனியுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் நின்றால் அந்தக் கொஞ்சநஞ்சப் பிடியும் போய், மொத்த எடையும் பிரேக் மேல் விழும். பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு இறங்கும்போது பெட்ரோல் செலவும் மிகக் குறைவுதான்.

ஆக்டிவா 110-இல் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம். ஜூபிட்டர் 125-இல் டிரம் மாடலும் உண்டு, முன்னால் 220 மில்லிமீட்டர் டிஸ்க் வைத்த மாடலும் உண்டு. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36. இப்படிப்பட்ட வழிகளில் லிவரை விடாமல் அமுக்கிக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி விரிகிறது. உள்ளே இருக்கும் பிரேக் கட்டையான ஷூ அதைத் தொட இன்னும் கொஞ்சம் தள்ளவேண்டியிருக்கும், லைனிங்கும் வழுக்கும். லிவர் கைப்பிடியை நெருங்கி வருவதுதான் முதல் அறிகுறி. அப்போதே ஓரம்கட்டிப் பத்து நிமிடம் ஆறவிடவேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. டிஸ்க் திறந்தவெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும், நனைந்தாலும் ஒன்றிரண்டு சுற்றில் துடைத்துக்கொள்ளும். மலை ரோட்டில் வாரத்தில் பல நாள் இறங்குகிறவர் டிஸ்க் இல்லாத மாடலை வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விலை வித்தியாசத்தைப் பார்க்கவேண்டிய இடம் இது இல்லை.

எந்த பிரேக்காக இருந்தாலும் சிறிது நேரம் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள். இந்த இரண்டு வண்டியிலும் இடது லிவரை அமுக்கினால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பாசி படிந்த, வெயிலே படாத வளைவில் சாய்ந்திருக்கும்போது அதை அமுக்கினால் முன்சக்கரம் வழுக்கலாம். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிடவேண்டும்.

சக்கரம், மழை, குளிர்

ஆக்டிவாவில் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10. ஜூபிட்டரில் இரண்டும் 12. மழைக்குப் பிறகு ரோடு பிய்ந்து கிடக்கும் ஊரில் பெரிய சக்கரம் குழியில் அவ்வளவு ஆழமாக விழாது. பின்னால் இருப்பவரின் இடுப்புக்கும் நல்லது. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றுவதால் டயரும் சீக்கிரம் தேயும். 110-தான் வேண்டும், ஆனால் பின்னாலும் 12 வேண்டும் என்றால் ஜூபிட்டர் 110-ஐப் பாருங்கள்; அதில் இரண்டும் 12.

இருக்கைக்கு அடியில் ஆக்டிவாவில் 18 லிட்டர் இடம், ஜூபிட்டர் 125-இல் 33 லிட்டர். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. கூடலூர், பந்தலூரில் ஜூன் தொடங்கியும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரிலும் மழைக்கோட்டு இல்லாமல் வெளியே போகமுடியாது. நனைந்த கோட்டு, ஸ்வெட்டர், சாப்பாட்டுப் பை மூன்றுக்கும் இடம் வேண்டும். பெட்ரோல் போட இரண்டிலுமே இருக்கையைத் தூக்க வேண்டியதில்லை. கொட்டும் மழையில் அது பெரிய உதவி.

மஞ்சுமூட்டத்தில் ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வாங்கும் முன் மாலை இருட்டிய பிறகு லோ பீம் எங்கே விழுகிறது, ரோட்டின் ஓரம் தெரிகிறதா என்று பாருங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இரவில் காட்டெருமை ரோட்டில் நிற்கும். கறுத்த உடம்பு வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் பட்டனை அமுக்காதீர்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி "ஙீ" என்று சத்தம் போட்டு நிற்கும். அதற்குப் பிறகு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் பேட்டரி தளரும் என்பதால், நீங்கள் எடுக்கும் மாடலில் கிக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் கணக்கு

தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். 110 லிட்டருக்கு 45-உம், 125 லிட்டருக்கு 40-உம் கொடுப்பதாக வைத்தால் முறையே 17.3 லிட்டர், 19.5 லிட்டர். வித்தியாசம் 2.2 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 220 ரூபாய். இரண்டு பேர் ஏறும் மேட்டில் 110 முழு முறுக்கில் ஓடுவதால் இந்த வித்தியாசமும் சுருங்கும். மைலேஜுக்காக மட்டும் 110 வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தனி ஆள், ஊட்டி அல்லது குன்னூர் டவுனுக்குள்ளேயே போக்குவரத்து, வீடு ரோட்டோரம் என்றால் 110 தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட், மழைக்கோட்டு, கையுறை வாங்குங்கள். பின்சீட்டில் தினமும் ஆள், அல்லது வீடு பள்ளத்தில், அல்லது வாரத்தில் பல நாள் நீண்ட இறக்கம்: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் டிஸ்க் வைத்த 125.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

2020 ஏப்ரலுக்கு முன் விற்ற இந்த வகை ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டர், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். சமவெளிக்கு செட் செய்த கார்புரேட்டர் இங்கே வந்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடிவிடும். புகைக்குழாயில் பெட்ரோல் வாசனை, இழுவைக் குறைவு, கழற்றிப் பார்த்தால் பிளக் நுனியில் மெத்தென்று கரி. மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகை) ஒரு சைஸ் சிறியதாகப் போட்டு, ஐட்லிங்கை இங்கேயே செட் செய்தால் சரியாகும். அதே வண்டியை மேட்டுப்பாளையத்தில் நிரந்தரமாக ஓட்டப்போனால் பழைய ஜெட்டையே திரும்பப் போடவேண்டும். இன்ஜெக்ஷன் வண்டி காற்றழுத்தத்தை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும்.

வாங்கிய பிறகு

கையேட்டில் இருக்கும் பெல்ட் மாற்றும் தூரத்தை அப்படியே நம்பாமல், அதில் பாதித் தூரத்திலேயே மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மலையில் பெல்ட் எப்போதும் பாரத்தில்தான் ஓடுகிறது. பற்களுக்கு நடுவே விரிசல், ஓரத்தில் நூல் பிரிதல், மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமை, இதில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் பெல்ட் அறுந்தால் இன்ஜின் பிடி அறவே போய்விடும். இழுவை கூடும் என்று, பெல்ட் ஓடும் கப்பிக்குள் இருக்கும் ரோலரை லேசானதாகப் போடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இழுவை கூடுவது உண்மைதான், ஆனால் வாரண்டி முடியும்வரை அதில் கை வைக்காதீர்கள்.

வீட்டுக்கும் பஜாருக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடியைத் திறந்தால், அடியில் மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு ஒட்டியிருக்கலாம். இன்ஜின் முழுசாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால் உள்ளே ஈரம் தங்கி ஆயிலோடு கலந்தது அது. வாரம் ஒருமுறை ஒரு அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். அப்படி ஓட்ட வாய்ப்பில்லை என்றால், கையேட்டுத் தூரத்துக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே ஆயில் மாற்றுங்கள்.