சர்க்கரை திடீரென இறங்கினால்: முதல் 15 நிமிடங்களில் செய்ய வேண்டியவை

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும், உணவு வேளை தள்ளிப்போனாலோ வழக்கத்தைவிட அதிகம் நடந்தாலோ இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். கைநடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, அடங்காத பசி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவையே இதன் முதல் அறிகுறிகள்.

படி 1: உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மி.கி.க்குக் கீழே காட்டினால் அது தாழ்சர்க்கரை. கருவி அருகில் இல்லையென்றால், அதைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: 3 தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்துதான் இங்கே கணக்கு. பொடி இல்லையென்றால் அதே அளவு சர்க்கரையோ அரை டம்ளர் பழச்சாறோ போதும். லட்டு, மைசூர்பாகு, சாக்லேட் ஆகியவற்றில் உள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அவை இந்த நேரத்துக்கு உதவா.

பலருக்கும் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவாக வேலை செய்யாது. ஏனென்றால் குடலில் சர்க்கரை குளுக்கோஸாக உடைவதைத் தாமதப்படுத்துவதுதான் அம்மருந்துகளின் வேலை. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே தேவை. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினுடன் வோக்லிபோஸும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நம் மருந்துக் கடைகளில் நிறையவே கிடைப்பதால், அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களை இன்றே படித்துப் பாருங்கள்.

படி 3: 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் பரிசோதியுங்கள். இந்தக் காத்திருப்புதான் மிகக் கடினம். என் தாயாருக்கு முதன்முறை இப்படி நேர்ந்தபோது, நடுக்கம் நிற்கவில்லையே என்ற பதற்றத்தில் நான் மேலும் மேலும் இனிப்பைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் அளவை 300-க்கு மேல் ஏற்றிவிட்டேன். 70-க்குக் கீழேயே இருந்தால் மட்டும் படி 2-ஐத் திரும்பச் செய்யுங்கள்.

படி 4: அளவு ஏறியபின், அடுத்த வேளை உணவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லியோ சில பிஸ்கட்டுகளோ சாப்பிடுங்கள். முதலில் சொன்ன மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நீடிப்பதால், குறிப்பாக முதியவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், அன்றே மீண்டும் இறங்கலாம். ஆகவே மருத்துவரிடம் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.

நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

அடிக்கடி இறங்குகிறதென்றால் சிரிஞ்சையும் பாருங்கள். ஒரு மி.லி.யில் 40 அலகு இன்சுலின் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும், 100 அலகு குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் உரியவை. 100 அலகு குப்பியின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உடலுக்குள் போய்விடும்.